வீட்டுக் கொல்லையில் வெள்ளரி

வெள்ளரி விதையை ஊன்றுவதற்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. முளைத்த செடிகளைக் கலைப்பதற்குத்தான் நாங்கள் படாத பாடு பட்டோம். சென்ற தை மாதக் கடைசியில் ஒன்பதாம் வகுப்பு மாணவியர் அறுவர் அவரவர் வீட்டுக் கொல்லையில் ஒரு குழி வீதம் வெள்ளரி போட்டோம். அதில் கண்டதை இங்கே எழுதுகிறோம்.

ஒன்றரை அடிச் சதுரமாகக் குழி வெட்டி, மக்கிய சாண எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, 5 விதைகளை விரற்கடை ஆழத்தில் ஊன்றினோம். ஒரு வாரத்துக்குள் முளைத்தன. முதலில் விரியும் வழவழப்பான இரண்டும் விதையிலைகள். அவற்றைக் கண்டு அவசரப்படக் கூடாது. சொரசொரப்பான இலைகள் இரண்டு மூன்று வந்தபின், ஏறத்தாழ 15ஆம் நாளில், வலுவான 2 செடிகளை நிறுத்தி மற்றவற்றை நீக்க வேண்டும்.

இங்கேதான் எங்களுள் ஒருத்திக்கு மனம் வரவில்லை. "ஐந்தும் நன்றாகத்தானே இருக்கின்றன, எதைத் தள்ளுவது?" என்றாள். அவள் பாட்டியும் பேத்தியின் பக்கமே. ஐந்தும் நின்றன. இன்னொருத்தி கையால் பிடுங்கினாள். நிறுத்திய செடிகளின் வேரும் சேர்ந்து அசைந்து, அவை மூன்று நாள் வாடிக் கிடந்தன. பிடுங்கியவற்றை வேலியோரம் நட்டாள், ஒன்றும் பிழைக்கவில்லை. வெள்ளரியின் வேர் அசைவைப் பொறுக்காது. ஆகையால் வேண்டாத செடியை மண் மட்டத்தில் கத்தரிக்கோலால் நறுக்குவதே நலம்.

வேர்கள் மேலாகவே ஓடுவதால் ஆழமாகக் கொத்தாமல், களையைக் கையால் எடுத்து, அடியில் காய்ந்த சருகு பரப்பினோம். தண்ணீரைக் காலையில் வேரில் ஊற்றினோம், இலையில் தெளிக்கவில்லை. செவ்வண்டுகள் விடியற்காலையில் சோம்பிக் கிடக்கும்; அப்போது பொறுக்கிச் சோப்பு நீரில் போடலாம்.

முதலில் பூத்தவை எல்லாம் உதிர்ந்தபோது நோய் என்று பயந்தோம். அவை ஆண் பூக்கள். பெண் பூ பின்னரே வரும். அதன் அடியில் விரல்நுனி அளவில் பிஞ்சு இருக்கும். மகரந்தம் சேர்ப்பவை தேனீக்கள். காலை வேளையில் பூச்சிமருந்து அடித்தால் அவற்றையும் கொன்று காயையும் இழப்போம். தேனீ வராத கொல்லையில், ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கி, பெண் பூவின் நடுவே மெல்லத் தடவினோம். மகரந்தம் போதாவிட்டால் காய் ஒரு பக்கம் சூம்பிக் கோணலாகும்.

இரண்டு செடி நின்ற குழிகளில் 50 நாளுக்குள் பறிக்கத் தொடங்கினோம். பிஞ்சாகவே பறிக்க வேண்டும். கொடியில் பழுக்கவிட்டால் புதுக் காய் குறையும். ஐந்து செடி நின்ற பந்தலைத்தான் எல்லாரும் முதலில் மெச்சினார்கள், அவ்வளவு பச்சை! ஆனால் உள்ளே காற்றும் வெயிலும் புகாமல் அடியிலைகள் மஞ்சளித்தன; சாம்பல் நோய் வெள்ளைப் பொடியாகப் படர்ந்தது. மொத்தம் 9 காய்கள். மற்றக் குழிகளில் எதிலும் இருபதுக்குக் குறையவில்லை. பாட்டி அந்த ஒன்பதையும் எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை தாமே நறுக்குவதாகச் சொன்னாராம்.

தேர்வு வாரத்தில் தண்ணீர் ஊற்ற எல்லாருமே மறந்தோம். அந்த வாரக் காய்கள் கசந்தன. நுனியை நறுக்கித் தேய்த்தால் கசப்புப் போகும் என்று வீட்டில் சொல்வார்கள். கசப்பு காம்புப் பக்கத்திலும் தோலை ஒட்டியும் மிகுதி. அங்கே தாராளமாக நறுக்கி, தோலையும் சீவியபின்தான் எங்களால் தின்ன முடிந்தது.