கடலடியில் ஒரு மதில்

எகிப்து நாட்டின் சினாய்த் தீபகற்பம் தெற்கே கூர்ந்து முடியும் இடத்தில் ராஸ் முகம்மது என்னும் நிலமுனை உள்ளது. அதன் மேற்கே சூயஸ் வளைகுடாவும் கிழக்கே அக்காபா வளைகுடாவும் அமைந்துள்ளன. எகிப்து அரசு 1983ஆம் ஆண்டில் இதனைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது.

இம்முனையின் ஓரத்தில் பவளப்பாறை கோட்டை மதில்போலச் செங்குத்தாக ஆழ்கடலுள் இறங்குகிறது. மதிலெங்கும் மென்பவளங்களும் விசிறிப் பவளங்களும் படர்ந்துள்ளன. வண்ணமீன்கள் கூட்டங்கூட்டமாக உலவுகின்றன. இவ்வெழிலைக் காண, முதுகில் காற்றுக்கலன் தாங்கி மூழ்குவோர் பலர்.

எனினும், இங்கு மூழ்குதல் பயிற்சி மிக்கார்க்கே உரியது. ஆழமற்ற இடங்களில் கால் ஊன்றத் தரை உண்டு. இங்கோ கீழே நீலமே தோன்றும். நீர் தெளிந்திருத்தலால் இறங்கிய ஆழமும் புலப்படாது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் மிகும். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் உள்ளதைப்போல் நான்கு மடங்காகும். காற்றும் அவ்வளவு விரைவில் செலவாகும். சுவாசிக்கும் நைட்ரஜன் அறிவை மயக்கவும் கூடும். மயங்கியவர் தாம் மேலும் இறங்குவதை உணரார்.

அஞ்சி விரைந்து மேலேறுதலும் தீங்கே. சோடாப் புட்டியைத் திறந்தவுடன் குமிழிகள் பொங்குகின்றன அன்றோ? அவ்வாறே உடலிற் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாக வெளிப்பட்டு உறுப்புகளை முடக்கும், உயிரையும் போக்கும். ஆதலின் மெல்ல ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடமேனும் தங்கி, பின்னரே வெளிவருவர்.

அறிந்தோர் ஆழத்தின் எல்லையை முன்னரே வகுத்துக்கொள்வர், அளவுமானியை அடிக்கடி நோக்குவர், துணைவரைப் பிரியார். எல்லைக்குக் கீழே அரிய மீனொன்று தோன்றினும் பின்தொடரார். கால் ஊன்றத் தரையில்லாத அவ்விடத்தில் அடக்கமே அவர்க்கு ஊன்றுகோல்.