பயன்படுத்திய காரில் காற்றுப்பையும் இருக்கை உணரியும்: வாங்குமுன் அறிய வேண்டியவை

ரூவியிலும் அதனை அடுத்த தார்சைத், வாடி கபீர் பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, தமது முதல் காரைப் பயன்படுத்திய கார்களிலிருந்தே தேர்ந்தெடுக்கின்றன. பணி முடிந்து தாயகம் திரும்புவோர் விற்கும் வண்டி, பழைய கார் விற்பனையகத்தில் நிற்கும் வண்டி, அண்டை நாடான அமீரகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட வண்டி எனப் பல வழிகளில் அவை கிடைக்கின்றன. வாங்குவோர் இயந்திரத்தின் ஒலியைக் கேட்கின்றனர். ஏசியின் குளிர்ச்சியைப் பார்க்கின்றனர். டயரின் தேய்மானத்தைச் சோதிக்கின்றனர். ஏர்பேக் எனப்படும் காற்றுப்பையை மட்டும் எவரும் இயக்கிப் பார்க்க இயலாது. அது விபத்தின்போது ஒரே ஒரு முறை இயங்குவது.

ஆகவே அதன் நிலையைச் சாட்சியங்களைக் கொண்டே அறிய வேண்டும். அவை மூன்று: டேஷ்போர்டிலுள்ள எச்சரிக்கை விளக்கு, ஸ்கேனர் கருவியின் அறிக்கை, வண்டியின் சேஸிஸ் எண். இவற்றுள் ஒன்றை மட்டும் நம்புவது போதாது என்பதே இப்பாடத்தின் சாரம்.

1. காற்றுப்பை இயங்கும் முறை

வண்டியின் முன்புறத்திலும் பக்கங்களிலும் மோதலை அறியும் உணரிகள், அதாவது சென்சார்கள், உள்ளன. அவை தரும் செய்தியை ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி பெறுகிறது. பெரும்பாலான கார்களில் இப்பெட்டி, முன்னிருக்கைகள் இரண்டுக்கும் இடையே தரையோடு ஒட்டிப் பொருத்தப்பட்டிருக்கும். மோதல் கடுமையானது எனப் பெட்டி முடிவு செய்தால், சீட் பெல்ட்டை இறுக்கும் கருவிக்கும் காற்றுப்பைக்கும் மின்சாரம் அனுப்புகிறது. காற்றுப்பையின் பின்னாலுள்ள உலோகக் குடுவையில் வேதிப்பொருள் எரிந்து வாயு உண்டாகி, ஏறத்தாழ ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் பை விரிகிறது.

இருக்கைக்குள் இருக்கும் உணரிக்கு வண்டியைப் பொறுத்து இருவகைப் பணிகள் உண்டு. சில கார்களில், ஆள் அமர்ந்தும் பெல்ட் அணியவில்லை என்பதை நினைவூட்டுவது மட்டுமே அதன் வேலை. வேறு சில கார்களில் அது எடையையும் அளக்கிறது. இருக்கை வெறுமையாக இருந்தாலோ சிறு குழந்தை அமர்ந்திருந்தாலோ, பயணியின் பக்கத்துக் காற்றுப்பையை அது நிறுத்தி வைக்கிறது. அமெரிக்கச் சந்தைக்காகத் தயாரான கார்களில் இந்த இரண்டாம் வகை 2000களின் நடுப்பகுதியிலிருந்து பரவலாயிற்று. வளைகுடாச் சந்தைக்கெனத் தயாரான அதே மாதிரிக் காரில் அவ்வசதி இல்லாதிருக்கலாம். தம் வண்டி எவ்வகையைச் சேர்ந்தது என்பதை உரிமையாளர் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

2. விளக்கு சொல்வது என்ன?

அமர்ந்திருக்கும் மனித உருவமும் அதன் முன் ஒரு வட்டமும் கொண்ட சிவப்பு அல்லது மஞ்சள் விளக்கே காற்றுப்பையின் எச்சரிக்கை விளக்கு. சாவியைத் திருப்பியவுடன் அது எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். இதுவே முறையான நிலை.

அணையாமல் எரிந்தால், அல்லது ஓடும்போது எரியத் தொடங்கினால், கோளாறு பதிவாகியுள்ளது என்று பொருள். அந்நிலையில் விபத்து நேர்ந்தால் காற்றுப்பை விரியாமற்போகலாம்.

தொடக்கத்தில் எரியவே இல்லையென்றால் அதுவே பெருங்கவலைக்குரியது. விளக்கு பழுதாகியிருக்கலாம், அல்லது கோளாற்றை மறைக்க வேண்டுமென்றே அகற்றப்பட்டிருக்கலாம். விளக்கு எரியாத வண்டியைக் குறையற்ற வண்டி என்று கருதி வாங்கியோர் உண்டு. அக்கருத்து தவறானது.

3. அடிக்கடி காணப்படும் கோளாறுகள்

(அ) இருக்கைக்குக் கீழுள்ள இணைப்பு. காற்றுப்பைக்கான கம்பி இணைப்புகள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்துவதாலும், அடியில் குடை, தண்ணீர்ப் புட்டி போன்றவற்றை வைப்பதாலும், தூய்மை செய்யும்போது கம்பி இழுபடுவதாலும் இவ்விணைப்பு தளர்கிறது. இருக்கையை நகர்த்திய பின் விளக்கு எரியத் தொடங்கினால் முதலில் ஐயுற வேண்டியது இதனையே. வண்டி இயங்கும் நிலையில் இதனைக் கழற்றிப் பூட்டினால் புதிய பிழையும் பதிவாகும்.

(ஆ) ஏசி நீர்க்கசிவு. வளைகுடாவில் ஏசி ஆண்டின் பெரும்பகுதி ஓய்வின்றி இயங்குகிறது. அதில் சேரும் நீரை வெளியேற்றும் குழாய் தூசியால் அடைபட்டால், நீர் வண்டிக்குள்ளேயே முன்பயணியின் காலடியில் கசிகிறது. விரிப்பின் அடியில் ஈரம் தேங்கி, இருக்கைக்கான கம்பி முனைகளில் துரு ஏறுகிறது. குழாயைத் துப்புரவு செய்யாமல் கம்பியை மட்டும் மாற்றினால் கோளாறு மீண்டும் வரும்.

(இ) ஸ்டீயரிங்கின் சுருள் நாடா. ஸ்டீயரிங் சுழலும்போதும் அதனுள்ளிருக்கும் காற்றுப்பைக்குத் தொடர்ந்து மின்னிணைப்பு தருவது இந்நாடா. மெக்கானிக்குகள் இதனைக் கிளாக் ஸ்பிரிங் என்றும் ஸ்பைரல் கேபிள் என்றும் அழைப்பர். இது அறுந்தால், எச்சரிக்கை விளக்கு எரிவதோடு ஹாரனும் ஸ்டீயரிங் பொத்தான்களும் செயலிழப்பதுண்டு. இவை ஒருங்கே நிகழ்வது தெளிவான அடையாளமாகும்.

(ஈ) இருக்கை உணரி. யாரும் அமராதபோதும் பெல்ட் எச்சரிக்கை ஒலிப்பதும், பெரியவர் அமர்ந்திருந்தும் பயணி காற்றுப்பை நிறுத்தப்பட்டுள்ளது எனக் காட்டுவதும் இதன் அறிகுறிகள். இருக்கையில் வைத்த கனமான பை, சிந்திய நீர், தடித்த உறை, இருக்கைமீது முழங்காலிட்டு ஏறுதல் ஆகியவை காரணமாகலாம். எடை அளக்கும் உணரியை மாற்றினால், வெற்று இருக்கையின் எடையைச் சுழியமாகப் பதிவு செய்யும் அளவுச் சீரமைப்பு அவசியம். ஸ்கிராப் வண்டியிலிருந்து எடுத்த இருக்கையை அச்சீரமைப்பின்றிப் பொருத்தினால் அளவு தவறாகவே வரும்.

(உ) பேட்டரி வலுக்குறைவு. கோடை வெப்பத்தில் பேட்டரிகள் விரைவில் வலுவிழக்கின்றன. மின்னழுத்தம் குறைந்தபோது பிழை பதிவாகி, பேட்டரி மாற்றிய பின்னும் விளக்கு எரிந்துகொண்டிருக்கலாம். இங்குப் பிழையை அழிப்பது மட்டும் போதுமானதாக இருக்கலாம். ஆயினும் ஸ்கேனர் வாயிலாகக் காரணம் அதுவே என உறுதி செய்த பின்னரே அழிக்க வேண்டும்.

4. வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள்

ரூவி மலைகளால் சூழப்பட்ட பள்ளத்தாக்கு. மழை பெருகினால் வாடிகளில் வெள்ளம் விரைந்து பாய்கிறது. 2007 ஜூன் மாதத்தில் கோனு புயல் மஸ்கட்டைத் தாக்கியதையும், 2021 அக்டோபரில் ஷாஹீன் புயல் ஓமானின் வடகரையைத் தாக்கியதையும் பலரும் அறிவர். 2024 ஏப்ரல் 16 அன்று அமீரகத்தில் பெய்த மழை, அங்குப் பதிவுகள் தொடங்கிய 1949க்குப் பின் மிகப் பெரியது. இத்தகைய வெள்ளங்களில் மூழ்கும் வண்டிகள் துடைத்து மெருகிடப்பட்டு மீண்டும் விற்பனைக்கு வருவதுண்டு.

காற்றுப்பைக் கட்டுப்பாட்டுப் பெட்டி தரையோடு ஒட்டி இருப்பதால் வெள்ளநீர் எளிதில் அதனை எட்டுகிறது. இருக்கைக் கம்பிகளும் அவ்வாறே. உலர்ந்த பின் சில காலம் எல்லாம் சரியாக இயங்கலாம். துரு முற்றிய பிறகே கோளாறு வெளிப்படும். இவ்வண்டிகளை அறியச் சில வழிகள் உள்ளன. சீட் பெல்ட்டை இறுதிவரை இழுத்துப் பார்த்தால் நீர்க்கறையோ சேற்றுப் படிவோ தெரியக்கூடும். இருக்கைத் தண்டவாளத்தின் திருகாணிகளில் துரு, விரிப்பின் அடியில் மண், பூஞ்சை வாடை, அதனை மறைக்கும் கடும் நறுமணம் ஆகியனவும் ஐயத்திற்குரியவை.

5. விளக்கு காட்டாத கேடு

எச்சரிக்கை விளக்கு மின்சுற்றை மட்டுமே கண்காணிக்கிறது. குடுவைக்குள்ளிருக்கும் வேதிப்பொருள் கெட்டுவிட்டதா என்பதை அது அறியாது. இதற்கு உலகறிந்த சான்று, ஜப்பானைச் சேர்ந்த டக்காட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகள்.

அந்நிறுவனம் தன் குடுவைகளில் அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. பல ஆண்டுகள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் இருந்தால், பகலும் இரவும் மாறி வரும் வெப்பநிலையால் அப்பொருள் சிதைகிறது. பின் விபத்தின்போது அது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, உலோகக் குடுவையே வெடித்து, துண்டுகள் ஓட்டுநர்மீது பாய்கின்றன. அமெரிக்காவிலும் மலேசியாவிலும் பிற நாடுகளிலும் இதனால் உயிரிழப்புகள் நேர்ந்தன. 2008இல் ஹோண்டா கார்களில் தொடங்கிய திரும்பப் பெறுதல் பல நிறுவனங்களுக்கும் பரவியது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 இலட்சம் காற்றுப்பைகள் அதற்கு உட்பட்டன. 2017 ஜூனில் டக்காட்டா திவால் நடவடிக்கையை நாடியது.

அமெரிக்காவில் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த மாநிலங்களின் வண்டிகளுக்கே முன்னுரிமை அளிக்கப்பட்டது. மஸ்கட் போன்ற கடலோர நகரங்களிலும் அவ்விரண்டும் மிகுதி என்பதை இங்குள்ளோர் எண்ணிப் பார்க்க வேண்டும். 2000களிலும் 2010களின் முற்பகுதியிலும் தயாரான காரை வாங்குவோர், அது திரும்பப் பெறுதலுக்கு உட்பட்டதா, பழுது நீக்கப்பட்டதா எனக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

இதற்குத் திறவுகோல் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேஸிஸ் எண். அது முல்கியா எனப்படும் பதிவு அட்டையிலும், முன்கண்ணாடியின் கீழ் மூலையிலும் காணப்படும். இரண்டும் ஒத்திருக்கின்றனவா என முதலில் பார்க்க வேண்டும். பின்னர் அந்நிறுவனத்தின் அதிகாரபூர்வ விற்பனையகத்தில் எண்ணைக் கொடுத்துக் கேட்கலாம். ஓமான் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் திரும்பப் பெறுதல் அறிவிப்புகளை வெளியிடுகிறது. திரும்பப் பெறுதலின்கீழ் செய்யப்படும் பழுதுநீக்கத்திற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. இரண்டாம் உரிமையாளரும் அதனைக் கேட்கலாம். வேறு சந்தைக்காகத் தயாரான வண்டியாயின், உள்ளூர் விற்பனையகம் அதனை ஏற்குமா என்பதை வாங்குமுன்னரே தெரிந்துகொள்வது நலம்.

6. மறைக்கப்பட்ட வெற்றிடம்

ஒருமுறை விரிந்த காற்றுப்பையை மீண்டும் பயன்படுத்த இயலாது. புதியது பொருத்துவதற்குச் செலவு மிகுதி. எனவே சிலர் அதனைப் பொருத்தாமல் மேல்மூடியை மட்டும் ஒட்டிவிடுகின்றனர். காற்றுப்பை இருக்க வேண்டிய இடத்தில் சிறு மின்தடையை இணைத்துக் கட்டுப்பாட்டுப் பெட்டியை ஏமாற்றுவதும் உண்டு. அப்போது விளக்கு முறைப்படி எரிந்து அணையும். ஸ்கேனரிலும் பிழை தோன்றாதிருக்கலாம்.

இங்குக் கண்ணே துணை. ஸ்டீயரிங் நடுமூடியின் நிறமும் தன்மையும் சுற்றிலும் ஒத்திருக்க வேண்டும். டேஷ்போர்டில் ஒட்டுத் தடம், பூச்சு வேறுபாடு, பிளவு ஆகியவை இருக்கலாகாது. சீட் பெல்ட்டின் அடியிலுள்ள பட்டியில் அது தயாரான தேதி இருக்கும். வண்டி தயாரான ஆண்டுக்குப் பிந்திய தேதியாயின் பெல்ட் மாற்றப்பட்டுள்ளது. அதற்கான காரணத்தை விற்பவர் கூற வேண்டும். ஐயம் நீங்காவிட்டால், அதிகாரபூர்வப் பணிமனையில் மூடியை அகற்றிப் பார்க்கச் செய்வதே முடிவான வழி.

7. குழந்தைகள் பயணிக்கும்போது

பின்னோக்கி அமைந்த குழந்தை இருக்கையை, இயங்கும் நிலையிலுள்ள காற்றுப்பைக்கு முன்னால் ஒருபோதும் பொருத்தலாகாது. விரியும் பையின் விசை குழந்தையின் தலைமீது நேராக விழும். இருக்கை உணரி தானே காற்றுப்பையை நிறுத்திவிடும் என்று நம்புவதும் கூடாது. முன்னர்க் கூறியவாறு அவ்வசதி அவ்வண்டியில் இல்லாதிருக்கலாம், அல்லது உணரி பழுதுபட்டிருக்கலாம். குழந்தைக்குரிய இடம் பின்னிருக்கையே. மடியில் அமர்த்தி முன்னிருக்கையில் பயணிப்பது, குறுகிய தொலைவாயினும், பேராபத்து.

பெரியோரும் பெல்ட் அணிந்தே அமர வேண்டும். காற்றுப்பை பெல்ட்டுக்குத் துணையேயன்றி மாற்று அன்று. ஓட்டுநரின் மார்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் இடையே குறைந்தது 25 செ.மீ. இடைவெளி இருத்தல் நலம்.

8. வாங்குமுன் செய்ய வேண்டியவை

• சாவியைத் திருப்பி, விளக்கு எரிந்து அணைவதைக் காண்க. வேறொரு விளக்கோடு ஒரே கணத்தில் எரிந்து ஒரே கணத்தில் அணைந்தால், இணைப்பு மாற்றப்பட்டதா என விசாரிக்க.
• இருக்கையை முழுமையாக முன்னும் பின்னும் நகர்த்தி, விளக்கு மீண்டும் எரிகிறதா எனக் கவனிக்க.
• காற்றுப்பைப் பிரிவைப் படிக்கவல்ல ஸ்கேனரால் சோதிக்கச் செய்க. மலிவான கருவிகள் பல இயந்திரப் பிழையை மட்டுமே படிக்கும். அறிக்கையின் நகலைப் பெறுக.
• சேஸிஸ் எண்ணைக் கொண்டு திரும்பப் பெறுதல் விவரத்தை அறிக.
• பெல்ட், விரிப்பு, திருகாணிகள் ஆகியவற்றைப் பார்வையிடுக.
• இவை முடிந்த பின்னரே முன்பணம் அளிக்க.

9. செய்யக் கூடாதவை

காற்றுப்பையின் கம்பியைச் சாதாரண மின்சோதனைக் கருவியால் அளக்கலாகாது. அக்கருவி செலுத்தும் மின்சாரமே பையை விரியச் செய்யக்கூடும். பேட்டரி இணைப்பை அகற்றி, கையேடு கூறும் நேரம் காத்திராமல் எந்த இணைப்பையும் தொடலாகாது. ஸ்கிராப் வண்டியிலிருந்து எடுத்த காற்றுப்பையை வாங்கலாகாது. அதன் வயதும் அது நனைந்த வரலாறும் யாருக்கும் தெரியா. பக்கக் காற்றுப்பை உள்ள இருக்கைக்கு, அதன் வழியை மூடும் உறை போடலாகாது. பழுது நீக்காமல் பிழையை மட்டும் அழித்துத் தருவதாகக் கூறும் பணிமனையை நாடலாகாது.

10. மீள்பார்வை

வினா: விளக்கு முறையாக எரிந்து அணைகிறது. காற்றுப்பை நலமாக உள்ளது என்று கொள்ளலாமா?
விடை: இல்லை. மின்சுற்றில் பிழை பதிவாகவில்லை என்று மட்டுமே கொள்ளலாம்.

வினா: ஹாரன் ஒலிக்கவில்லை, காற்றுப்பை விளக்கும் எரிகிறது. எதனை ஐயுற வேண்டும்?
விடை: ஸ்டீயரிங்கின் சுருள் நாடாவை.

வினா: முன்பயணியின் காலடி அடிக்கடி ஈரமாகிறது. முதலில் எதனைச் சோதிக்க வேண்டும்?
விடை: ஏசியின் நீர் வெளியேற்றும் குழாயை, பின்னர் இருக்கைக்குக் கீழுள்ள கம்பி முனைகளை.

வினா: ஏற்கெனவே வாங்கிய வண்டிக்கு இப்போது செய்யத்தக்கது யாது?
விடை: முல்கியாவிலுள்ள சேஸிஸ் எண்ணைக் கொண்டு, திரும்பப் பெறுதல் நிலுவையில் உள்ளதா என இவ்வாரமே விற்பனையகத்தில் கேட்டறிவது.