பிறப்புச் சான்று நகல்: எந்த ஊரில் கேட்பது?

செவ்வாப்பேட்டை வணிகர்களான நம்மில் பலர், பிள்ளையின் பிறப்புச் சான்று நகலுக்கு, குடியிருக்கும் ஊரிலேயே அலைகிறோம். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழந்தை பிறந்த இடத்தில்தான் பிறப்பு பதிவாகும். சரக்கு எடுத்த மண்டியில்தானே பில் நகல் கேட்போம்? தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதும் நம் வழக்கமாயிற்றே! சென்னையில் பிறந்திருந்தால் மாநகராட்சியிலும், திருவள்ளூரில் பிறந்திருந்தால் நகராட்சியிலும் கேட்க வேண்டும். பிறந்த தேதி, பெற்றோர் பெயர், ஆஸ்பத்திரி பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போனால் தேடுவது எளிது.

நகல் கைக்கு வந்ததும் பெயர்க் கட்டத்தைப் பாருங்கள். பல சான்றுகளில் அது காலியாக இருக்கும். பதிவான 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணமில்லை. பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு, பள்ளிச் சேர்க்கைக்கும் ஆதாருக்கும் பிறந்த தேதியைக் காட்ட இச்சான்றுதான் வேண்டும், ஜாதகம் உதவாது.