கடல் உள்வாங்கினால்...? (கணக்குப் பகுதி)



"இப்படி நடந்தால் அப்படி ஆகும்" என்று தினமும் பேசுகிறோம். கணக்கில் இதற்கு நிபந்தனைக் கூற்று என்று பெயர். இது எப்போது பொய்? முதல் பாதி நடந்து, இரண்டாம் பாதி நடக்காமல் போனால் மட்டும்தான். "மழை பெய்தால் குடை தருவேன்" என்று அக்கா சொல்கிறாள். மழை பெய்தும் குடை தரலைன்னா அக்கா சொன்னது பொய். மழையே பெய்யலைன்னா? குடை தந்தாலும் தராவிட்டாலும் அக்கா பொய் சொன்னதாக ஆகாது. இது நிறைய பேருக்கு ஒத்துக்க முடியாத இடம்! இரண்டு தடவை யோசிங்க, புரியும்.

இப்போ நம்ம கடலுக்கு வருவோம். "கடல் உள்வாங்கினால் சுனாமி வரும்" என்று 2004-க்கு அப்புறம் கரையோரத்தில் எல்லாரும் சொல்றாங்க. இது மெய்யா? திருச்செந்தூரில் அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் கடல் அடிக்கடி உள்வாங்கும். பாறையெல்லாம் வெளியே தெரியும். சுனாமி வருவதில்லை. ஒரே ஒரு எதிர் உதாரணம் போதும், கூற்று பொய்.

அப்போ கடல் உள்வாங்கினால் நின்று வேடிக்கை பார்க்கலாமா? கூடாது! "கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு" என்பது கூற்று இல்லை, கட்டளை. அதற்கு மெய், பொய் கிடையாது. வீணாக ஓடினால் கால் வலிக்கும், அவ்வளவுதான். ஓடாமல் நின்றால் உயிரே போகலாம்.

இதைவிட ஆபத்து ஒன்று இருக்கு. "கடல் உள்வாங்கவில்லை, அதனால் சுனாமி வராது" என்று சிலர் நினைப்பது. 2004 டிசம்பர் 26 அன்று காலை, நம்ம நேரப்படி 6.29 மணிக்கு சுமத்ரா பக்கத்தில் நிலநடுக்கம் வந்தது. கடலடித் தரை மேற்கே உயர்ந்தது, கிழக்கே தாழ்ந்தது. அதனால் கிழக்கே தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே நம்ம பக்கம் கிளம்பிய அலையிலோ மேடுதான் முன்னால் வந்தது. உள்வாங்கட்டும், அப்புறம் ஓடலாம்னு காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எண்களிலும் இதே கதைதான். "ஓர் எண் 6-ஆல் வகுபட்டால் 3-ஆல் வகுபடும்." இது மெய். "6-ஆல் வகுபடாவிட்டால் 3-ஆல் வகுபடாது" பொய், 9 இருக்கே! "3-ஆல் வகுபடாவிட்டால் 6-ஆல் வகுபடாது" மட்டும் மறுபடி மெய். இரண்டு பாதியையும் மறுத்து, இடமும் மாற்றினால்தான் மெய் மெய்யாகவே இருக்கும்.

நம்ம புதுச்சேரி நல்லவாடு மீனவர்கள் அன்றைக்குக் கடலைப் பார்த்துக் கணக்குப் போடவில்லை. சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் டி.வி.யில் செய்தி பார்த்து ஊருக்கு போன் பண்ணினார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே சொன்னாங்க. ஊரே ஓடித் தப்பித்தது.

புதிர்: "துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் கடலுக்குப் போவது ஆபத்து." இது மெய் என்று வைத்துக்கொள்வோம். இன்று கூண்டு ஏற்றவில்லை. கடலுக்குப் போவது ஆபத்தில்லை என்று சொல்லலாமா? விடையைக் காரணத்தோடு எழுதி 9-ஆம் வகுப்பு வாசலில் உள்ள பெட்டியில் போடவும். சரியான விடை அடுத்த இதழில்!