திரவ நைட்ரஜன்: குளிரை விடப் பெரிய ஆபத்து

மாணவர்களே! நாம் உள்ளிழுக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். அது நமக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை. அதே நைட்ரஜன் திரவமாக ஆய்வுக்கூடத்துக்கு வரும்போது மட்டும் ஏன் இத்தனை எச்சரிக்கைப் பலகைகள்?

‘கடுங்குளிர்தான் காரணம்’ என்பீர்கள். அது பாதி விடைதான்.

திரவ நைட்ரஜனின் கொதிநிலை -196° செல்சியஸ். அதை டியூவர் குடுவையில் வைப்பார்கள். 1892-இல் ஜேம்ஸ் டியூவர் அமைத்த இக்குடுவை, நம் வீட்டுத் தெர்மாஸ் குடுவைக்கு மூத்த அண்ணன். கால்நடை மருந்தகங்களில் உறைவிந்துக் குச்சிகளைப் பாதுகாக்கும் கொள்கலனிலும் இருப்பது இத்திரவமே.

குளிர்

சூடான தோசைக்கல்லில் தெளித்த நீர் உருண்டோடுவதைப் பார்த்திருப்பீர்கள். தோலில் தெறித்த திரவ நைட்ரஜன் துளியும் அவ்வாறே ஓடிவிடும். துளிக்கும் தோலுக்கும் நடுவே அதன் ஆவியே மெத்தைபோல் நிற்பதே காரணம். இதை நம்பி விளையாடாதீர்கள்! திரவம் துணியில் ஊறினால், அல்லது கையுறைக்குள் தேங்கினால், தோல் உறைந்து தீப்புண் போன்ற புண் உண்டாகும். ஆகவே கையுறை, உதறினால் கழன்று விழும்படி தளர்வாக இருக்க வேண்டும். முகக்கவசமும் மூடிய காலணியும் அவசியம். காற்சட்டையின் விளிம்பு காலணிக்கு வெளியே தொங்கட்டும். தோல் உறைந்துவிட்டால் தேய்க்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

விரிவு

ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியாகி அறை வெப்பநிலையை அடைந்தால், ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும். எனவே அதைக் காற்றுப் புகாமல் ஒருபோதும் அடைக்கக் கூடாது. டியூவர் குடுவையின் மூடி தளர்வாக இருப்பது இதனால்தான்.

2006 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இருந்த நைட்ரஜன் உருளை வெடித்தது. அதன் பாதுகாப்பு வால்வுகள் முன்பே அகற்றப்பட்டு, அந்தத் துளைகள் உலோக அடைப்பான்களால் மூடப்பட்டிருந்தன. உள்ளே அழுத்தம் ஏறி, உருளை மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு பாய்ந்தது. பின்னிரவு நேரமாதலால் உயிர்கள் தப்பின.

மூச்சு

மூன்றாவது ஆபத்து கண்ணுக்கே தெரியாது. ஒரு சிறு லிப்டைக் கணக்கிடுவோம். நீளமும் அகலமும் ஒன்றரை மீட்டர், உயரம் 2.2 மீட்டர். கொள்ளளவு ஏறத்தாழ 5 கன மீட்டர். அதில் 10 லிட்டர் திரவ நைட்ரஜன் கொட்டி முழுதும் ஆவியானால் 7,000 லிட்டர், அதாவது 7 கன மீட்டர் வாயு! லிப்டில் உள்ள காற்றின் பெரும்பகுதியை அது வெளியே தள்ளிவிடும். ஆக்சிஜனும் அதனுடன் போய்விடும்.

அப்போது மூச்சு முட்டாதா? முட்டாது, அதுதான் வஞ்சகம். மூச்சுத் திணறல் என்னும் உணர்வை எழுப்புவது, பெரும்பாலும் உடலில் சேரும் கார்பன் டைஆக்சைடு. நைட்ரஜனைச் சுவாசிக்கும்போது கார்பன் டைஆக்சைடு வழக்கம்போல் வெளியேறிவிடுகிறது. ஆகவே எந்த அபாய மணியும் அடிக்காது. ஆக்சிஜன் மிகவும் குறைந்த காற்றை இரண்டொரு முறை இழுத்தாலே நினைவு தப்பலாம். குடுவையைச் சுற்றி எழும் வெண்புகையையும் நம்பாதீர்கள். அது காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பனி. நைட்ரஜனுக்கு நிறமே இல்லை.

ஆகவேதான் குடுவையை லிப்டில் தனியே அனுப்பி, ஆட்கள் படியேறிச் செல்கிறார்கள். இடையில் யாரும் ஏறாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். சன்னல்கள் திறந்த, காற்றோட்டமுள்ள அறையில் மட்டுமே திரவத்தை ஊற்றுகிறார்கள். அறைச் சுவரில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் எச்சரிக்கைக் கருவியைப் பொருத்துகிறார்கள்.

ஒன்றை மறவாதீர்கள். அத்தகைய அறையில் நண்பர் விழுந்து கிடந்தால் பதறி உள்ளே ஓடாதீர்கள். நீங்களும் அவர் அருகில் விழுவீர்கள். குரல் கொடுத்து, சுவாசக் கருவி உள்ளவர்களை அழையுங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு: உங்கள் வகுப்பறையை அளந்து பாருங்கள். கதவு, சன்னல் எல்லாம் மூடியிருந்தால், எத்தனை லிட்டர் திரவ நைட்ரஜன் அந்த அறையை நிரப்பப் போதும்?