பழைய போன் பரணில் தூங்குகிறதா?

ஓடாத லேப்டாப், அறுந்த சார்ஜர், பழைய போன்: இவற்றைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம், எடைக்கும் போட வேண்டாம். பல இடங்களில் செம்புக் கம்பிக்காக வயரைத் தீயிலிட்டு எரிக்கிறார்கள். அந்த நச்சுப் புகை முதலில் போவது, எரிப்பவரின் நுரையீரலுக்குத்தான். பழைய குண்டு டிவியின் கண்ணாடியில் ஈயம் உண்டு, டியூப்லைட்டில் பாதரசம்.

அதிகக் கவனம் பேட்டரிக்கு வேண்டும். போனின் பின்மூடி தூக்கிக்கொண்டு, மேஜையில் வைத்தால் ஆடுகிறதா? பேட்டரி உப்பிவிட்டது. குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், இன்னொரு முறை சார்ஜ் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். துணி, காகிதம் அருகில் இல்லாத இடத்தில் தனியே வையுங்கள். கழற்றி வைத்த பழைய பேட்டரி என்றால் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். குப்பை வண்டியில் நசுங்கும் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கலாம்.

போனைக் கொடுக்கும் முன் படங்களை நகலெடுத்து, கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, பிறகு 'ஃபேக்டரி ரீசெட்' செய்யுங்கள். சிம், மெமரி கார்டை எடுக்க மறக்காதீர்கள்.

எங்கே கொடுப்பது? 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பு நிறுவனத்தின் மீதே சுமத்துகின்றன. எனவே அந்த நிறுவனத்தின் சேவை எண்ணில் கேளுங்கள். அல்லது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனமா என்று விசாரித்துக் கொடுங்கள்.

இன்னும் ஓடுகிற போனா? உடைக்கக் கொடுக்காதீர்கள். தேவைப்படும் ஒருவர் உங்கள் தெருவிலேயே இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.