வகுப்பறைச் சட்டமும் தண்டனையும்

"கண்ணு ரெண்டையும் விட்டுட்டு தோலை உரிச்சிருங்க சேர்!" தரம் ஒன்றில் பிள்ளையைச் சேர்க்கும்போது நம்மில் பலர் ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வரும் வார்த்தை இது. பிள்ளை படிச்சு ஆளாக வேண்டும் என்ற ஆசையில்தான் சொல்கிறோம். ஆனாலும் அப்படி அனுமதி கொடுக்க நமக்கு உரிமை இல்லை. கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையில் உடல் தண்டனையைத் தடை செய்தது. 2016இல் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையில் மறுபடியும் வலியுறுத்தியது. ஆசிரியர் அறைந்து காது பாதிக்கப்பட்ட ஒரு மாணவனுக்கு, ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் நட்டஈடு கொடுக்க வேண்டுமென்று உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது.

அப்படியென்றால் பிள்ளைகள் இஷ்டத்துக்கு ஆடலாமா என்று கேட்பீர்கள். கூடாது, சட்டம் வேண்டும். சின்ன வகுப்புக்கு நாலைந்து போதும். ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க வேண்டும், அடுத்தவர் பொருளைக் கேட்காமல் எடுக்கக் கூடாது, கை நீட்டக் கூடாது, சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். பதினைந்து எழுதி ஒட்டினால் ஆசிரியருக்கே ஞாபகம் இருக்காது.

மீறினால் என்ன நடக்கும் என்பதும் பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரி நடக்கவும் வேண்டும். ஒரே நிறை கொழுந்துக்கு ஒருத்திக்கு முழுப்பேரும் இன்னொருத்திக்கு அரைப்பேரும் போட்டால் நாம் சும்மா இருப்போமா? பிள்ளைக்கும் அதே கோபம்தான் வரும். சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

தண்டனை செய்த தவறோடு சேர்ந்ததாக இருக்கட்டும். மேசையில் கிறுக்கினால் துடைக்கட்டும். தள்ளி விழுத்தினால் தூக்கிவிட்டு மன்னிப்புக் கேட்கட்டும், கொஞ்ச நேரம் டீச்சர் பக்கத்தில் உட்காரட்டும். முழங்காலில் நிறுத்துவதும் சாப்பாட்டை மறுப்பதும் எந்தத் தவறையும் திருத்தாது.

பிந்தி வரும் பிள்ளையை வெளியே நிறுத்துவதுதான் நமக்குப் பெரிய கவலை. ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு, லயத்து வாசற்படியில் சீருடையோடு ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தாள். தரம் நான்கு. "ஏன்டா போகல?" என்றோம். "தம்பிய மடுவத்துல விட்டுட்டு போனா லேட்டாயிரும், வெளிய நிப்பாட்டுவாங்க" என்றாள். அம்மா பெரட்டுக்குப் போயாச்சு. அந்த வாரத்தில் அது மூன்றாம் நாள். தவறு யாருடையது? நிச்சயமாக அவளுடையது அல்ல. வெளியே நின்றால் முதல் பாடம் போகிறது. அதற்குப் பயந்து வீட்டில் இருந்தால் நாளே போகிறது. நாலு மாதம் இப்படிப் போனால் பிள்ளை இடைவிலகிவிடும். தாயோடும் மடுவப் பொறுப்பாளரோடும் பேசினோம். இப்போது தம்பியைப் பாட்டி கொண்டுபோய் விடுகிறார். வகுப்பாசிரியரும், பிந்தினால் உள்ளே எடுத்துக்கொண்டு பெற்றோருக்குச் சொல்லி அனுப்பச் சம்மதித்தார்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் பேர் போகுமென்று நிற்காமல், வீட்டில் ஒருவராவது போங்கள். வகுப்புச் சட்டம் என்ன, மீறினால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். பிள்ளை அடிபட்டு வந்தால் கூட்டம் சேர்த்துக்கொண்டு கேட்டுக்குப் போக வேண்டாம். முதலில் அதிபர், பிறகு வலயக் கல்விப் பணிமனை. காயம் இருந்தால் உடனே டிஸ்பென்சரியில் காட்டுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம் 1929.